ஒட்டு நெல்லின் வீரியம் எங்கே இருக்கிறது? ஒன்றரை சென்ட் கழனியில் நீங்களே பார்க்கும் வழி

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நவரைப் பட்டத்தில் (டிசம்பர், ஜனவரியில் தொடங்கும் பட்டம்) எங்கள் வீட்டில் ஒரு தவறு செய்தோம். அதற்கு முந்தைய சொர்ணவாரியில் (கோடைப் பட்டத்தில்) வீரிய ஒட்டு நெல் போட்டு அருமையாக விளைந்திருந்தது. இவ்வளவு நல்லா வந்த நெல்லை வீட்டில் வைத்துக்கொண்டு எதற்கு மறுபடி விதைக்குக் காசு கொடுக்கணும் என்று அப்பா அதிலேயே விதைநெல் எடுத்து வைத்துவிட்டார், எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. வேலூர் மாவட்டத்தில் பள்ளிகொண்டா பக்கம் எங்கள் கழனி. நட்டு ஒன்றரை மாதம் வரை ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பூக்கிற நேரத்தில்தான் தெரிந்தது: ஒரு குத்து இடுப்பு உயரம், பக்கத்துக் குத்து தொடை வரைக்கும்கூட இல்லை; ஒன்று பால் பிடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று கதிர் வெளிவராமல் இன்னும் பொதியில் இருக்கிறது; சில குத்துகளில் கதிர் வளையாமல் நிமிர்ந்தே நிற்கிறது, நெல்லை நசுக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

அப்பா அதை உர பாதிப்பு என்று நினைத்தார். உண்மையில் அந்தக் கழனி முழுக்க மரபியல் பாடம் நின்றுகொண்டிருந்தது, எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதே பாடத்தை நஷ்டமில்லாமல் ஒன்றரை சென்ட்டுக்குள் போட்டுப் பார்க்கிற முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வேளாண்மை படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள், எண்ணுகிற வேலை நிறைய இருக்கிறது.

முதலில், பையில் இருக்கிற விதை என்ன என்று தெரியவேண்டும்

நெல் தன் மகரந்தத்தில் தானே சூல்கொள்கிற பயிர். பூ காலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் திறக்கிறது, ஆறு மகரந்தப்பையும் அதே பூவின் சூல்முடிமேல் கொட்டிவிடுகின்றன, வெளி மகரந்தம் நுழைய வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே இரண்டு ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டால் ஒட்டு விதை கிடைத்துவிடாது. ஒரு பக்கத்துப் பூக்களில் மகரந்தமே வேலை செய்யக்கூடாது. 1926-லேயே ஜோன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் நெல்லிலும் ஒட்டு வீரியம், அதாவது ஒட்டுப் பிள்ளை பெற்றோரைவிட ஓங்கி வளர்வது, இருக்கிறது என்று எழுதிவிட்டார், ஆனால் அது வயலுக்கு வர ஐம்பது வருஷம் ஆனதற்குக் காரணம் இந்த ஒரு முட்டுக்கட்டைதான். சீனாவில் யுவான் லாங்பிங் 1964-ல் ஆண் மலட்டு நெல்லை, அதாவது மகரந்தம் வேலை செய்யாத செடியை, தேட ஆரம்பித்தார். 1970-ல் ஹைனான் தீவில் அவருடைய குழுவினர் ஒரு காட்டு நெல் செடியில் அதைக் கண்டுபிடித்தார்கள், 1976-ல் அங்கே ஒட்டு நெல் பெரிய அளவில் பயிரானது. நம் நாட்டில் முதல் ஒட்டு நெல் ரகங்கள் 1994-ல் வந்தன, அவற்றில் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஜி.ஆர் 1 என்கிற கோ.ஆர்.எச் 1-ம் உண்டு.

அந்தக் காட்டுச் செடியின் மலட்டுத்தன்மை செல்லின் உட்கருவில் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்குச் சக்தி தரும், தனக்கென்று மரபணு உள்ள உறுப்பு) இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாய்ச்செடி வழியாக மட்டுமே விதைக்குப் போகும். அதனால் மூன்று வரிசைகள் வேண்டியிருக்கிறது. ஏ என்பது மலட்டுத் தாய். பி என்பது அதே உட்கரு உள்ள, ஆனால் நல்ல மைட்டோகாண்ட்ரியா உள்ள செடி. ஏ வரிசையைப் பெருக்க மட்டும் பயன்படும். ஆர் என்பது தகப்பன்: அதன் உட்கருவில் மலட்டுத்தன்மையை அடக்கும் மீட்பு மரபணுக்கள் இருக்கின்றன. முக்கியமானவை இரண்டு, ஒன்று 1-வது குரோமோசோமில், இன்னொன்று 10-வது குரோமோசோமில். ஏ செடிமேல் ஆர் மகரந்தம் விழுந்து உண்டாகிற விதைதான் உங்கள் கைக்கு வருகிற பை. விதை உற்பத்தி வயலில் காலை நேரத்தில் இரண்டு பேர் கயிறு பிடித்து இழுத்து மகரந்தத்தைத் தட்டிவிடுவார்கள், பாதி பொதிக்குள்ளேயே சிக்கி நிற்கிற தாய்க் கதிரை வெளியே கொண்டுவர ஜிப்ரலிக் அமிலம் தெளிப்பார்கள். விதை விலை ஏறுவதற்கு இந்தக் கூலியும் ஒரு காரணம்.

சரி, பாத்தி போடுவோம்

மூன்று வகை விதை வேண்டும். ஒன்று, கடையில் வாங்கிய ஒட்டு விதை, இதை முதல் தலைமுறை என்போம். இரண்டு, அதே ஒட்டு ரகத்தைப் போன பட்டத்தில் போட்டு அறுத்த நெல், இது இரண்டாம் தலைமுறை. மூன்று, அதே வயதுள்ள நல்ல ரகம் ஒன்று. கோ.ஆர்.எச் 3 மாதிரி 115 நாள் ஒட்டு ரகமாக இருந்தால் ஒப்பிட கோ 51 பொருந்தும், 105 முதல் 110 நாளில் வந்துவிடும். ரக விதைக்கு விரிஞ்சிபுரம் ஆராய்ச்சி நிலையத்திலும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள். 135 நாள் ஒட்டு ரகத்தை 105 நாள் ரகத்தோடு ஒப்பிட்டு "ஒட்டு ஜெயித்தது" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை, கூடுதலாக ஒரு மாதம் வெயில் வாங்கிய பயிர் கூடுதலாகத்தான் விளையும்.

பட்டம் நவரையாக இருக்கட்டும். டிசம்பர் கடைசி வாரத்துக்குள் நாற்று விட்டால் மார்ச்சில் பூத்துவிடும். சொர்ணவாரியில் போட்டால் சில வருஷம் நம் வேலூர் வெயிலே பூவைப் பதராக்கிவிடலாம். பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனாலே நெல்லில் சூல்பிடிப்பு குறைய ஆரம்பிக்கும். அப்புறம் எது வெயிலால் வந்த பதர், எது மரபணுவால் வந்த பதர் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டராக ஒன்பது பாத்தி. நடுவில் ஒன்றேகால் அடி வரப்பு விட்டால் எல்லாம் சேர்த்து ஒன்றரை சென்ட்டுக்குள் அடங்கிவிடும். மடைக்குப் பக்கத்தில் மூன்று பாத்தி, நடுவில் மூன்று, கடைசியில் மூன்று. ஒவ்வொரு மூன்றுக்குள்ளும் எந்த விதை எந்தப் பாத்தி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். இதில் மட்டும் சோம்பல் படாதீர்கள். தண்ணீர் முதலில் விழும் பாத்திக்கும் கடைப் பாத்திக்கும் விளைச்சலில் வித்தியாசம் உண்டு என்பது நமக்கே தெரியும், நமக்குப் பிடித்த விதையை நம்மை அறியாமலேயே நல்ல இடத்தில் நட்டுவிடுவோம்.

ஒவ்வொரு வகையிலும் 50 கிராம் விதை தாராளம். ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் சாக்கில் மூட்டம் போட்டு, தனித்தனியாக நாற்று விடுங்கள். 25 நாள் நாற்றை 20 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நடவேண்டும், குத்துக்கு ஒரே ஒரு நாற்று. இந்த ஒற்றை நாற்று விஷயம் ஒட்டு ரகத்துக்கு எப்படியும் சொல்கிற முறைதான். ஆனால் இங்கே அதற்கு வேறு காரணமும் இருக்கிறது: இரண்டாம் தலைமுறை விதையில் ஒவ்வொரு மணியும் தனி மரபணுச் சேர்க்கை, இரண்டு மூன்று நாற்றைச் சேர்த்து நட்டால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும், நீங்கள் பார்க்க வந்ததே தெரியாமல் போகும். நடவு ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கைப்பழக்கத்தில் மூன்று நாற்று வைத்துவிடுவார்கள். ஒரு பாத்திக்கு 200 குத்து வரும். உரம், களை, மருந்து எல்லாம் ஒன்பதுக்கும் ஒரே அளவு. ஒட்டுக்கு மட்டும் ஒரு பிடி யூரியா சேர்த்துப் போட்டுவிட்டு வீரியத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

பூக்கும்போது போய் நில்லுங்கள்

ஒட்டு விதைப் பாத்தியில் 200 குத்தும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். எல்லா விதைக்கும் ஒரே தாய் வரிசை, ஒரே தகப்பன் வரிசை, ஆகவே எல்லாம் ஒரே மரபணுச் சேர்க்கை. இரண்டாம் தலைமுறைப் பாத்தியில் முதலில் பூத்த குத்துக்கும் கடைசியில் பூத்த குத்துக்கும் எத்தனை நாள் வித்தியாசம் என்று குறித்து வையுங்கள். அந்த ஒரு எண்ணே நிறையச் சொல்லிவிடும்.

அடுத்தது மலட்டுக் குத்துகளை எண்ணுவது, எனக்கு இதில் மிகவும் பிடித்த வேலை இதுதான். முதல் தலைமுறைச் செடி ஒவ்வொன்றிலும் மலட்டு மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து வந்திருக்கிறது, மீட்பு மரபணு தகப்பனிடமிருந்து ஒரு நகல் வந்திருக்கிறது. அந்த ஒரு நகல் போதும், செடி முழுசாகக் காய்க்கும். அடுத்த தலைமுறையில் நகல்கள் பிரிந்து போகும்போது சில செடிகளுக்கு மீட்பு மரபணு ஒன்றுமே கிடைக்காது, மலட்டு மைட்டோகாண்ட்ரியா மட்டும் எல்லாவற்றுக்கும் கிடைக்கும். மீட்பு மரபணு ஒன்றே ஒன்று வேலை செய்தால் நாலில் ஒரு செடி மலடு. இரண்டு மரபணுக்களில் எது இருந்தாலும் போதும் என்றால் பதினாறில் ஒன்று. மூன்று பாத்தியும் சேர்த்து 600 குத்தில் 150 மலடா, 37 மலடா, இரண்டுக்கும் நடுவிலா என்று எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மீட்பு மரபணு எத்தனை என்று வரப்பில் நின்றபடி சொல்லிவிடலாம், எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான்.

மலட்டுக் கதிரில் பக்கத்துச் செடியின் மகரந்தம் விழுந்து நாலைந்து நெல் பிடிக்கலாம், ஏமாறாதீர்கள். சந்தேகம் இருந்தால் பூக்கும் முன்பே கதிருக்கு பட்டர் பேப்பர் பை மாட்டிக் கட்டிவிடுங்கள், பைக்குள் நெல் பிடிக்கவில்லை என்றால் மலடு உறுதி. பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப் கிடைத்தால் இன்னும் சுலபம்: மகரந்தத்தை அயோடின் கரைசலில் போட்டால் நல்ல மகரந்தம் உருண்டையாகக் கறுக்கும், மலட்டு மகரந்தம் சுருங்கி நிறமேறாமல் கிடக்கும்.

எண்ணும் வேலையும் பெருக்கல் கணக்கும்

அறுவடைக்கு முன் ஒவ்வொரு பாத்தியிலும் மூலைக்கு மூலை நடந்து, வழியில் வருகிற பத்துக் குத்துகளில் கதிர் பிடித்த தூர் எத்தனை, உயரம் எத்தனை என்று எழுதுங்கள். நல்லதாகத் தெரிவதைத் தேடிப் போகக்கூடாது. கதிருக்கு எத்தனை மணி, அதில் எத்தனை பதர் என்று சில கதிர்களில் எண்ணுங்கள். அப்புறம் பாத்தியின் நடுவில் ஒரு சதுர மீட்டர் சட்டம் வைத்து, அதற்குள் வரும் 50 குத்தை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். ஓரக் குத்துகளுக்கு வெளிச்சமும் காற்றும் அதிகம், அவற்றைச் சேர்த்தால் கணக்கு ஏறிவிடும். ஒரு சதுர மீட்டரில் 1 கிராம் என்பது ஹெக்டேருக்கு 10 கிலோ. உதாரணத்துக்கு ரகம் 500 கிராம், ஒட்டு 600 கிராம் என்றால், வித்தியாசம் 100-ஐ 500-ஆல் வகுத்தால் 20 சதவீத வீரியம். 600 கிராம் என்பது ஏக்கருக்கு 75 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 32. வயதில் சில நாள் வித்தியாசம் இருந்தால் ஒரு நாளுக்கு எவ்வளவு என்று வகுத்தும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இந்த 20 சதவீதம் எங்கிருந்து வந்தது? மாய மரபணு ஏதோ ஒன்று உள்ளே இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். நீங்கள் எழுதி வைத்த எண்களை வைத்தே பார்ப்போம். ஒரு தாய் வரிசைக்கு குத்துக்கு 14 கதிர், கதிருக்கு 90 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 1260. தகப்பனுக்கு 8 கதிர், கதிருக்கு 160 மணி, மொத்தம் 1280. பிள்ளை இரண்டு குணத்திலும் சரியாக நடுவில் நின்றால் 11 கதிர், 125 மணி, மொத்தம் 1375. கவனியுங்கள், எந்தக் குணத்திலும் பிள்ளை பெற்றோரை மிஞ்சவில்லை, இருவருக்கும் நடுவில்தான் நிற்கிறது, ஆனாலும் விளைச்சலில் இரண்டு பேரையும் தாண்டிவிட்டது. விளைச்சல் என்பது பெருக்கல் என்பதால் வருகிற லாபம் இது. நல்ல குணம் கொஞ்சம் ஓங்கி, நடுவிலிருந்து ஒரு படி ஏறி 12 கதிர், 135 மணி என்று வந்தால் 1620, இருவரில் நல்ல பெற்றோரைவிட ஏறக்குறைய 27 சதவீதம் அதிகம். 2016-ல் சீனாவில் 17 ஒட்டு நெல் சேர்க்கைகளிலிருந்து 10,074 இரண்டாம் தலைமுறைச் செடிகளை வளர்த்து, ஒவ்வொன்றின் மரபணுத் தொகுப்பையும் ஆராய்ந்தபோது கிட்டத்தட்ட இதுதான் தெரிந்தது: முக்கியமான மரபணு இடங்களில் தாயின் வடிவமும் தகப்பனின் வடிவமும் கலந்த செடி தனித்தனிக் குணத்தில் நடுவுக்குச் சற்று மேலே நிற்கிறது, எல்லாக் குணத்தையும் சேர்த்துப் பார்த்தால் பெற்றோரைத் தாண்டுகிறது.

மரபணுவின் நல்ல வடிவம் ஓங்குவதற்குக் காரணம் எளிது. நெல்லில் 12 ஜோடி குரோமோசோம். தாயிடம் சில இடங்களில் பழுதான வடிவம், தகப்பனிடம் வேறு சில இடங்களில். பிள்ளைக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு நல்ல நகலாவது வந்துவிடுகிறது, பெரும்பாலும் ஒன்றே போதும். அப்படியானால் எல்லா நல்ல வடிவத்தையும் ஒரே ரகத்தில் சேர்த்துவிட்டால் ஒட்டே வேண்டாமே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. வெறும் பத்து இடங்கள் என்றாலே, இரண்டாம் தலைமுறையில் பத்திலும் நல்ல வடிவம் இரட்டையாகச் சேர்ந்த செடி பத்து லட்சத்து சொச்சத்தில் ஒன்றுதான் கிடைக்கும். அதுவும் நல்லதும் கெட்டதும் ஒரே குரோமோசோமில் ஒட்டி உட்கார்ந்திருந்தால் பிரிப்பது இன்னும் கஷ்டம். இது தவிர, சில இடங்களில் கலப்பு நிலையே இரண்டு தூய நிலையையும்விட மேலாக வேலை செய்கிறது என்ற விளக்கமும், ஒரு மரபணு இன்னொன்றோடு சேர்ந்தால்தான் பலன் தருகிறது என்ற விளக்கமும் உண்டு. பின்னதற்கு 1997-ல் ஷான்யூ 63 என்ற சீன ஒட்டு நெல்லில் வலுவான ஆதாரம் காட்டினார்கள். என் கருத்து, மூன்றும் கலந்துதான் நடக்கிறது, ரகத்துக்கு ரகம் அளவு மாறுகிறது, ஒன்றுதான் சரி என்று சண்டை போடுவதில் விவசாயிக்கு ஒரு பயனும் இல்லை.

விதைநெல் எடுத்தால் என்ன ஆகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. முதல் தலைமுறையில் பெற்றோர் வேறுபடும் அத்தனை இடமும் கலப்பு நிலையில் இருக்கும். தானே சூல்கொண்டதும் அடுத்த தலைமுறையில் சராசரியாகப் பாதிதான் கலப்பு, அதற்கடுத்து கால்வாசி, பிறகு அரைக்கால். உங்கள் மூன்று பாத்தி எடையையும் வரிசையாக வையுங்கள்: கலப்பினால் வந்த லாபத்தில் ஏறக்குறைய பாதி போயிருக்கும், அதற்கு மேல் மலட்டுக் குத்துகளின் நஷ்டம், அதற்கு மேல் ஒரே சமயத்தில் முற்றாததால் வரும் கருக்காய் (அரைகுறையாக முற்றிய நெல்). எங்கள் வீட்டில் அந்த நவரையில் நடந்தது இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

பெற்றோரோடும் ஒப்பிட ஆசை இருந்தால்

கடை ஒட்டு ரகத்தின் பெற்றோர் நமக்குக் கிடைக்காது. ஆனால் கையாலேயே ஒட்டு சேர்க்கலாம். ஏடிடி 37 குண்டு நெல்லைத் தாயாக வைத்து, அடித்தண்டு ஊதாவாக இருக்கும் ஏதாவது ஒரு ரகத்தைத் தகப்பனாக எடுங்கள். நெல்லின் உமி தாயின் உடம்பு, ஆகவே ஒட்டு சேர்ந்ததா இல்லையா என்பது விதையைப் பார்த்தால் தெரியாது. நாற்றின் அடி ஊதாவாக முளைத்தால் சேர்ந்தது, பச்சையாக முளைத்தால் அது தன் மகரந்தத்தில் பிடித்த விதை, பிடுங்கிப் போட்டுவிடலாம். இரண்டும் ஒரே வாரத்தில் பூக்கும்படி, வயது அதிகமுள்ளதை முன்னால் விதையுங்கள்.

சாயங்காலம், அடுத்த நாள் பூக்கப்போகிற கதிராகப் பார்த்து, ஏற்கெனவே பூத்துவிட்ட நுனியையும் மிகவும் இளசாக உள்ள அடிப்பகுதியையும் கிள்ளிவிடுங்கள். மீதி நெல் ஒவ்வொன்றின் மேல் மூன்றில் ஒரு பங்கை சாய்வாகக் கத்தரித்து, ஊசியாலோ சிறு இடுக்கியாலோ ஆறு மகரந்தப்பையையும் எடுக்கவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வேலை வீண். பட்டர் பேப்பர் பை மாட்டுங்கள். மறுநாள் காலை ஒன்பதரை, பத்து மணிக்கு தகப்பன் கதிர் திறக்கிற நேரத்தில் அதை வெட்டி வந்து பைக்குள் விட்டு உதறுங்கள். நெல் மகரந்தத்துக்கு உயிர் சில நிமிஷம்தான், நடந்து போகிற தூரத்தில் தகப்பன் இருக்கவேண்டும். மறுபடி பை கட்டி, தேதி எழுதித் தொங்கவிட்டால் 25, 30 நாளில் விதை. உமி பாதி வெட்டப்பட்டிருப்பதால் அரிசி வெளியே தெரிய நிற்கும், அதை நேராக நாற்றங்காலில் போடாமல் ஈரத்தாளில் முளைக்கவைத்து நடுங்கள். தாய், தகப்பன், பிள்ளை மூன்றையும் அடுத்த நவரையில் பக்கம் பக்கமாக நட்டால், பெற்றோர் சராசரியைவிட எவ்வளவு, நல்ல பெற்றோரைவிட எவ்வளவு என்று இரண்டு கணக்கும் போடலாம்.

இன்னொன்று, அறுத்த ஒட்டு நெல்லில் ஒரு படி அரைத்துச் சோறு வடித்துப் பாருங்கள். கழனியில் செடி முதல் தலைமுறை, ஆனால் அதில் விளைந்த அரிசி இரண்டாம் தலைமுறை. அரிசி மணிக்குள் ஒவ்வொரு மரபணுவும் சூல் பக்கத்திலிருந்து இரண்டு நகல், மகரந்தம் வழியாக ஒன்று. தாய் வரிசையும் தகப்பன் வரிசையும் அமைலோஸ் (சோறு குழைவதையும் விறைப்பதையும் மாற்றுகிற மாவுப்பொருள்) அளவில் வேறுபட்டால் ஒரே கதிரிலேயே நாலு வகை அரிசி சம அளவில் கலந்திருக்கும், சில பருக்கை குழைந்தும் சில விறைத்தும் நிற்கும். ஒட்டு நெல்லை ஆரணி பக்கத்து அரிசி ஆலைகளில் விலை குறைத்துக் கேட்டால், அதற்கு ஒரு காரணம் இங்கேயும் இருக்கலாம்.

இரண்டாம் தலைமுறைப் பாத்தியை அப்படியே அறுத்துக் கொட்டிவிடாதீர்கள். அத்தனை விதமான செடிகளில் நன்றாகக் காய்த்து, உங்களுக்குப் பிடித்த உயரத்தில், சாயாமல் நிற்கிற நாலைந்து குத்துகளை மட்டும் தனித்தனியாக அறுத்து எண் போட்டு வையுங்கள். அடுத்த பட்டத்தில் ஒவ்வொன்றின் நெல்லையும் தனி வரிசையாக, மறுபடி ஒற்றை நாற்றாக நடவேண்டும். மலட்டுக் குத்து ஒன்றுகூட வராத வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். ஆறாம் தலைமுறைக்கு வரும்போது கலப்பு முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும், வரிசை ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும். அதிலிருந்து எடுக்கிற விதைநெல்லை நம்பி விதைக்கலாம். எங்கள் கழனியில் அப்படி 3-ம் எண் வரிசை இப்போது ஐந்தாம் தலைமுறையில் இருக்கிறது, அப்பாதான் அதற்குத் தண்ணீர் கட்டுகிறார்.